ஜேரட் பாட்டர் கிர்ட்லண்ட்

ஜேரட் பாட்டர் கிர்ட்லண்ட் (நவம்பர் 10, 1793 - டிசம்பர் 10, 1877) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த மருத்துவர், இயற்கையியலாளர், பேராசிரியர், தோட்டக்கலை வல்லுநர் ஆவார். ஒகையோ மாநிலத்தின் விலங்குகளை முதன்முதலில் முறையாகப் பட்டியலிட்டவர் இவரே. கிளீவ்லாந்து நகரில் மருத்துவக் கல்லூரியும் இயற்கை அறிவியல் கழகமும் உருவாக முன்னின்று உழைத்தார். எனினும் இன்று உலகின் பல பகுதிகளில் இவர் பெயர் அறியப்படுவது ஒரு சிறு பறவையின் வழியாகவே. கிர்ட்லண்ட் கதிர்க்குருவி எனப்படும் அப்பறவை, காட்டுத்தீ எரித்து வெளியாக்கிய நிலத்தில் புதிதாக முளைத்தெழும் இளம் பைன் மரங்களுக்கு இடையே மட்டுமே கூடு கட்டும் இயல்புடையது. தம் பெயரைத் தாங்கிய பறவை எங்கே கூடு கட்டுகிறது என்பதை அறியாமலேயே கிர்ட்லண்ட் மறைந்தார். அவர் மறைந்து 26 ஆண்டுகள் கழித்தே அதன் முதற்கூடு கண்டறியப்பட்டது.

பிறப்பும் இளமையும்

கிர்ட்லண்ட் கனெடிகட் மாநிலத்திலுள்ள வாலிங்ஃபோர்டு என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் டர்கண்ட் கிர்ட்லண்ட், கனெடிகட் நில நிறுவனத்தின் முகவராகப் பணியாற்றியவர். அந்நிறுவனம் இன்றைய ஒகையோவின் வடகிழக்குப் பகுதி நிலங்களை அளந்து குடியேறிகளுக்கு விற்று வந்தது. அப்பணியின் பொருட்டு 1803 ஆம் ஆண்டு தந்தையார் ஒகையோவிலுள்ள போலந்து என்னும் ஊருக்குக் குடும்பத்துடன் குடிபெயர்ந்தார். ஒகையோவில் கிர்ட்லண்ட் என்னும் பெயரில் உள்ள ஊர் தந்தையாரின் நினைவாகப் பெயரிடப்பட்டதாகும். மகனின் பெயரால் அமைந்ததன்று.

சிறுவன் ஜேரட் பெற்றோருடன் செல்லாமல் தாய்வழிப் பாட்டனார் மருத்துவர் ஜேரட் பாட்டரின் இல்லத்திலேயே வளர்ந்தார். பாட்டனார் நல்ல நூலகம் ஒன்றை வைத்திருந்தார். பட்டுப்புழு வளர்ப்பதற்காக முசுக்கொட்டைச் செடிகளையும் பயிரிட்டிருந்தார். பேரனுக்கு அத்தோட்டமே முதற்பள்ளியாயிற்று. பட்டுப்பூச்சிகளைக் கவனித்து வந்த சிறுவன், ஆண் பூச்சியுடன் சேராத பெண் பூச்சி இட்ட முட்டைகளிலிருந்தும் சில வேளைகளில் புழுக்கள் வெளிவருவதைக் கண்டறிந்தார். கன்னி இனப்பெருக்கம் என்று இன்று உயிரியலில் கூறப்படும் நிகழ்வு இதுவாகும். பழமரங்களில் ஒட்டுக் கட்டுதல், பூக்களில் மகரந்தம் சேர்த்துப் புதிய வகைகளை உருவாக்குதல் ஆகியவற்றையும் இளம் வயதிலேயே பழகினார்.

1810 ஆம் ஆண்டு தந்தையாரைக் காண ஒகையோவுக்குச் சென்ற கிர்ட்லண்ட், போலந்தில் சிறிது காலம் பள்ளியாசிரியராகப் பணியாற்றினார். காடு திருத்தி வயலாக்கப்படாத பழைய ஒகையோவை அவர் கண்ணாரக் கண்டது அப்போதுதான். பிற்காலத்தில் அம்மாநிலத்தின் உயிரினங்கள் எவ்வளவு மாறின என்பதை எடுத்துரைப்பதற்கு அந்த இளமை அனுபவம் அவருக்கு அளவுகோலாக அமைந்தது.

மருத்துவக் கல்வி

1811 இல் பாட்டனார் இறந்தார். அவர் தம் மருத்துவ நூல்களையும், பேரன் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலுவதற்கான பணத்தையும் விட்டுச் சென்றார். ஆனால் 1812 இல் அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையே போர் மூண்டதால் கடல்கடந்து செல்ல இயலவில்லை. ஆகவே 1813 இல் புதிதாகத் தொடங்கப்பட்ட யேல் மருத்துவக் கல்லூரியின் முதல் மாணவர்களுள் ஒருவராகச் சேர்ந்தார். இடையில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலும் பயின்றார். 1815 இல் யேலில் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டில் கரோலின் அட்வாட்டர் என்பவரை மணந்தார். வாலிங்ஃபோர்டிலும் பின்னர் டர்ஹம் என்னும் ஊரிலும் மருத்துவத் தொழில் புரிந்தார். 1823 இல் மனைவியும் மகளும் இறந்தனர். இத்துயருக்குப் பின் கனெடிகட்டை விட்டு நீங்கி, தந்தையார் வாழ்ந்த போலந்துக்குக் குடியேறினார். அங்கு மறுமணம் செய்துகொண்டு மருத்துவப் பணியைத் தொடர்ந்தார்.

பொதுவாழ்வு

போலந்தில் நாட்டுப்புற மருத்துவராக நெடுந்தொலைவு குதிரையில் பயணம் செய்த கிர்ட்லண்ட், அப்பகுதி மக்களின் நம்பிக்கையைப் பெற்றார். ஒகையோ சட்டமன்றத்தின் கீழவைக்கு மூன்று முறை தேர்ந்தெடுக்கப்பட்டார். சட்டமன்றத்தில் அவர் பெரிதும் ஈடுபட்டது சிறைச்சாலைச் சீர்திருத்தத்தில் ஆகும். கைதிகளை வெறுமனே அடைத்து வைப்பதற்கு மாறாக, அவர்களுக்குத் தொழில் கற்பித்துப் பயனுள்ள வேலைகளில் ஈடுபடுத்த வேண்டும் என்று வாதிட்டார். ஒகையோவையும் பென்சில்வேனியாவையும் இணைக்கும் கால்வாய்த் திட்டத்துக்கும் ஆதரவு தந்தார்.

அடிமை முறையை அவர் எதிர்த்தார். தென் மாநிலங்களிலிருந்து தப்பி வந்த கறுப்பின மக்களைக் கனடாவுக்கு இரகசியமாக அனுப்பி வைத்த வழிகளுக்கு நிலத்தடி இருப்புப்பாதை என்னும் பெயர் வழங்கியது. போலந்தில் இருந்த கிர்ட்லண்டின் இல்லம் அவ்வழியின் தங்குமிடங்களுள் ஒன்றாக விளங்கியதாகக் கூறப்படுகிறது.

நன்னீர் மட்டிகள் பற்றிய ஆய்வு

போலந்தில் இருந்த காலத்தில் அருகிலுள்ள ஆறுகளில் வாழும் நன்னீர் மட்டிகளை அவர் ஆராய்ந்தார். அக்காலத்தில் ஆய்வாளர்கள் பெரும்பாலும் வெற்று ஓடுகளை மட்டுமே சேகரித்து, அவற்றின் வடிவ வேறுபாட்டைக் கொண்டு புதிய இனங்களைப் பெயரிட்டு வந்தனர். கிர்ட்லண்ட் ஓட்டுக்குள் இருக்கும் உயிரையும் அறுத்துப் பார்த்தார். மட்டிகளில் ஆண், பெண் என இரு பாலினங்கள் உள்ளன என்பதையும், பாலினத்துக்கு ஏற்ப ஓட்டின் வடிவம் மாறுபடுகிறது என்பதையும் 1834 இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். அதாவது, இரு வேறு இனங்கள் எனக் கருதப்பட்டவற்றுள் சில ஒரே இனத்தின் ஆணும் பெண்ணுமே ஆகும். தொடக்கத்தில் இம்முடிவை ஏற்கச் சிலர் மறுத்தனர். பின்னர் லூயி அகாசி உள்ளிட்ட அறிஞர்கள் இதனை உறுதி செய்தனர்.

ஒகையோவின் விலங்குப் பட்டியல்

1837 இல் ஒகையோ அரசு தன் முதலாவது நிலவியல் அளவாய்வைத் தொடங்கியது. அதில் விலங்கியல் பகுதி கிர்ட்லண்டிடம் ஒப்படைக்கப்பட்டது. 1838 இல் வெளிவந்த அவருடைய அறிக்கை பாலூட்டிகள், பறவைகள், ஊர்வன, மீன்கள், மெல்லுடலிகள் முதலியவற்றை வரிசைப்படுத்தியது. முன்பு இம்மண்ணில் வாழ்ந்து அப்போதே அற்றுப்போயிருந்த விலங்குகளையும் அவர் அதில் குறித்து வைத்தார். காடழிப்பும் ஆறுகளில் கட்டப்பட்ட அணைகளும் உயிரினங்களை எவ்வாறு பாதிக்கின்றன என்பதில் அவருக்கு அக்கறை இருந்தது.

அரசு நிதி ஒதுக்காததால் இவ்வளவாய்வு விரைவில் நின்றுபோனது. எனினும் கிர்ட்லண்ட் தம் செலவிலேயே பணியைத் தொடர்ந்தார். ஒகையோவின் மீன்களைப் பற்றி அவர் தாமே வரைந்த படங்களுடன் எழுதிய கட்டுரைத் தொடர் 1840 முதல் 1846 வரை பாஸ்டன் நகர இயற்கை வரலாற்று இதழில் வெளிவந்தது. ஈரி ஏரியிலும் ஒகையோ ஆற்றிலும் அன்று வாழ்ந்த மீன்களைப் பற்றி அறிய இன்றும் அத்தொடர் பயன்படுகிறது.

பேராசிரியர்

1837 இல் கிளீவ்லாந்துக்கு மேற்கே, ஈரி ஏரிக்கரையோரம் ராக்போர்ட் என்னும் ஊரில் கிர்ட்லண்ட் ஒரு பண்ணையை வாங்கினார். இவ்வூர் இன்று லேக்வுட் எனப்படுகிறது. சின்சினாட்டியிலுள்ள ஒகையோ மருத்துவக் கல்லூரியிலும் பின்னர் வில்லோபியிலும் கற்பித்த அவர், 1843 இல் ஜான் டெலமேட்டர் முதலிய மருத்துவர்களுடன் சேர்ந்து கிளீவ்லாந்து மருத்துவக் கல்லூரியை நிறுவினார். இன்றைய கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் தொடக்கம் இதுவே. அங்கு 1864 வரை மருத்துவக் கோட்பாடும் நடைமுறையும் கற்பித்தார். 1848 இல் ஒகையோ மாநில மருத்துவச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார்.

மருத்துவ மாணவர்களுக்கு அவர் உடற்கூற்றுடன் பறவைகளையும் பூச்சிகளையும் செடிகளையும் கற்பித்தார். புவியியல் அறிஞரான ஜான் ஸ்ட்ராங் நியூபெரியும், பின்னாளில் அலாஸ்கா வரை சென்று விலங்குகளைச் சேகரித்த ராபர்ட் கெனிகாட்டும் அவரிடம் பயின்றவர்கள். கெனிகாட் 1856 இல் புதிதாக விவரித்த ஒரு சிறு பாம்புக்குத் தம் ஆசிரியரின் பெயரைச் சூட்டினார். அது கிர்ட்லண்ட் பாம்பு என்று இன்றும் அழைக்கப்படுகிறது.

1845 இல் கிளீவ்லாந்து இயற்கை அறிவியல் கழகம் நிறுவப்பட்டபோது கிர்ட்லண்ட் அதன் தலைவரானார். 1869 இல் அக்கழகம் கிர்ட்லண்ட் இயற்கை வரலாற்றுச் சங்கம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1920 இல் தோன்றிய கிளீவ்லாந்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு இச்சங்கம் முன்னோடியாகக் கருதப்படுகிறது.

தோட்டக்கலை

ராக்போர்ட் பண்ணையின் மண் இறுகிய களிமண்ணாக இருந்தது. அதைப் பண்படுத்திப் பழத்தோட்டம் அமைத்த கிர்ட்லண்ட், இளமையில் பாட்டனார் தோட்டத்தில் கற்ற மகரந்தச் சேர்க்கை முறையைக் கொண்டு ஏறத்தாழ முப்பது புதிய செர்ரி வகைகளை உருவாக்கினார். அவற்றுள் கவர்னர் வுட் என்னும் வகை பரவலாகப் பயிரிடப்பட்டது. விதைகளையும் நாற்றுகளையும் அயலாருக்கும் உழவர்களுக்கும் வழங்கி, பழ மரங்களைப் பேணும் முறையைக் கற்றுக்கொடுத்தார். இதனால் மக்கள் அவரை ராக்போர்ட்டின் ஞானி என்று அழைத்தனர்.

கிர்ட்லண்ட் கதிர்க்குருவி

1851 ஆம் ஆண்டு மே மாதம் 13 ஆம் நாள், கிர்ட்லண்டின் மருமகனாகிய சார்லஸ் பீஸ் கிளீவ்லாந்துக்கு அருகில் ஒரு சிறு பறவையைச் சுட்டு எடுத்தார். முதுகு நீலச் சாம்பல் நிறமாகவும், வயிறு மஞ்சளாகவும், பக்கங்களில் கருங்கோடுகளுடனும் இருந்த அப்பறவை அதுவரை எந்த நூலிலும் விவரிக்கப்படாதது. கிர்ட்லண்ட் அதன் தோலைச் சிமித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்பென்சர் ஃபுல்லர்ட்டன் பெயர்டிடம் ஒப்படைத்தார். பெயர்டு 1852 இல் அதைப் புதிய இனமாக விவரித்து, கிர்ட்லண்டின் பெயரை அதற்குச் சூட்டினார். இன்று அதன் அறிவியற்பெயர் செட்டோபாகா கிர்ட்லண்டியை என்பதாகும்.

இப்பறவை ஒகையோவில் கூடு கட்டுவதில்லை. இளவேனிலில் வடக்கு நோக்கி வலசை செல்லும்போது ஒகையோ வழியே கடந்து செல்கிறது. எனவே கிளீவ்லாந்தில் கிடைத்தது வழிப்போக்கனாக வந்த ஒரு பறவையே. இதற்கு முன்னரே, 1841 இல், சாமுவேல் காபட் என்பவர் பஹாமாஸ் தீவுகளுக்கு அருகே கப்பலில் சென்றபோது இதே இனப்பறவை ஒன்றைப் பிடித்திருந்தார். ஆனால் அது இன்னதென்று பல ஆண்டுகள் கழித்தே உணரப்பட்டது. 1879 இல், அதாவது கிர்ட்லண்ட் இறந்து ஈராண்டுகளுக்குப் பின், பஹாமாஸில் மற்றொரு பறவை கிடைத்தது. குளிர்காலத்தை இவை அத்தீவுகளில் கழிக்கின்றன என்பது அதன்பின் தெளிவாயிற்று. கோடையில் அவை எங்கே செல்கின்றன என்பது மட்டும் புலப்படவில்லை.

அவ்வினாவுக்கு 1903 இல் விடை கிடைத்தது. மிச்சிகன் மாநிலத்தின் ஆ சேபிள் ஆற்றுக்கு அருகில் மீன் பிடிக்கச் சென்றவர்கள் கொண்டுவந்த ஒரு பறவையைக் கண்ட மிச்சிகன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தைச் சேர்ந்த நார்மன் வுட், அப்பகுதிக்குச் சென்று தேடினார். அவ்வாண்டு சூலை மாதத்தில் ஒஸ்கோடா மாவட்டத்தில், ஜாக் பைன் மரங்கள் வளர்ந்த மணற்பாங்கான நிலத்தில் முதற்கூட்டைக் கண்டறிந்தார். அதன்பின் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் வரை கண்டறியப்பட்ட கூடுகள் அனைத்தும் அந்த முதற்கூடு இருந்த இடத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே அமைந்திருந்தன.

தீயும் கூடும்

கிர்ட்லண்ட் கதிர்க்குருவியின் வாழ்க்கை ஜாக் பைன் என்னும் ஒரு மரத்துடன் பிணைந்துள்ளது. இம்மரத்தின் கூம்புகளுள் பல பிசினால் இறுக மூடப்பட்டுள்ளன. அவை ஆண்டுக்கணக்கில் கிளையிலேயே மூடிக் கிடக்கும். காட்டுத்தீயின் வெப்பத்தில் பிசின் உருகி, கூம்புச் செதில்கள் விரிந்து, விதைகள் உதிர்கின்றன. தீ பழைய மரங்களைக் கொன்று, தரையை மூடியிருந்த சருகுகளை எரித்து, வெயில் படும் வெற்று மணலை விட்டுச் செல்கிறது. உதிர்ந்த விதைகள் முளைப்பதற்கு ஏற்ற நிலம் அதுவே. இவ்வாறு ஒரே காலத்தில் முளைத்த நாற்றுகள் நெருக்கமாக வளர்கின்றன.

தீ எரிந்த உடனே கதிர்க்குருவி அங்கு வருவதில்லை. கன்றுகள் சுமார் ஐந்து அல்லது ஆறு ஆண்டு வளர்ந்து, ஆள் உயரத்தை நெருங்கும்போது முதற்பறவைகள் வருகின்றன. அப்போது மரத்தின் கீழ்க்கிளைகள் பசுமையாகத் தரையைத் தொட்டுக் கொண்டிருக்கும். அக்கிளைகளின் மறைவில், புல்லுக்கும் அவுரிநெல்லிச் செடிகளுக்கும் இடையே, தரையிலேயே பறவை கூடு அமைக்கிறது. மணல் நிலம் மழைநீரை விரைவில் உறிஞ்சிவிடுவதால் தரைக்கூட்டில் நீர் தேங்குவதில்லை. பெண் பறவை நான்கு அல்லது ஐந்து முட்டைகள் இடும். சுமார் இரண்டு வாரங்களில் குஞ்சுகள் பொரித்து, மேலும் ஒன்பது நாட்களில் கூட்டைவிட்டு வெளியேறும்.

மரங்களுக்கு இருபது வயது நெருங்கும்போது உச்சிகள் ஒன்றோடொன்று கூடி நிழல் சூழ்கிறது. ஒளி இன்றிக் கீழ்க்கிளைகள் காய்ந்து விழுகின்றன. கூட்டுக்கு மறைவு இல்லாமற் போகிறது. பறவைகள் அவ்விடத்தை விட்டு நீங்கி, வேறோரிடத்தில் தீ விட்டுச் சென்ற இளங்காட்டைத் தேடுகின்றன. எனவே ஒரு காடு இப்பறவைக்குப் பயன்படுவது ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் மட்டுமே. புதிய தீ இல்லையேல் புதிய கூடும் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிச்சிகனில் பெரும் பைன் காடுகள் வெட்டப்பட்டன. வெட்டி எஞ்சிய கிளைகளில் பற்றிய தீ பெரும் பரப்புகளை எரித்தது. ஜாக் பைன் அங்கெல்லாம் பரவியது. 1880களிலும் 1890களிலும் இப்பறவை முன்னெப்போதையும் விட அதிகமாக இருந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. அக்காலத்தில் பஹாமாஸில் நிறையப் பறவைகள் கிடைத்தமை இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.

வீழ்ச்சி

இருபதாம் நூற்றாண்டில் இரு இடர்கள் ஒருங்கே நேர்ந்தன. முதலாவது, காட்டுத்தீயை அணைக்கும் முறைகள் வலுப்பெற்றன. ஊர்களையும் மரச்செல்வத்தையும் காக்க இது தேவையாக இருந்தது. ஆனால் தீ குறையக் குறைய இளம் ஜாக் பைன் காடுகளும் குறைந்தன.

இரண்டாவது, பழுப்புத்தலைக் கௌபேர்ட் என்னும் பறவையின் வருகை. நம் நாட்டுக் குயில் காக்கையின் கூட்டில் முட்டையிடுவது போல, கௌபேர்டும் பிற பறவைகளின் கூடுகளில் முட்டையிடும். நடு அமெரிக்கச் சமவெளிகளைச் சேர்ந்த இப்பறவை, காடுகள் அழிந்து வயல்களாக மாறியபின் மிச்சிகனுக்குள் பரவியது. பெரிதாகவும் விரைவாகவும் வளரும் கௌபேர்ட் குஞ்சு உணவைப் பறித்துக்கொள்வதால் கதிர்க்குருவிக் குஞ்சுகள் மடிந்தன. 1960களின் பிற்பகுதியில் பெரும்பாலான கூடுகளில் கௌபேர்ட் முட்டைகள் காணப்பட்டன.

1951 இல் இவ்வினம் முழுமையாகக் கணக்கெடுக்கப்பட்டது. பாடும் ஆண் பறவைகளின் குரலைக் கேட்டு எண்ணுவது இக்கணக்கெடுப்பின் முறையாகும். அவ்வாண்டு 432 ஆண் பறவைகள் எண்ணப்பட்டன. 1961 இல் இத்தொகை 502 ஆக இருந்தது. 1971 இல் 201 ஆகக் குறைந்தது. 1974 இலும் மீண்டும் 1987 இலும் 167 என்னும் மிகத் தாழ்ந்த அளவை அடைந்தது.

பாதுகாப்பு முயற்சிகள்

1957 இலேயே மிச்சிகனில் இப்பறவைக்கெனத் தனிக் காட்டுப் பகுதிகள் ஒதுக்கப்பட்டன. ஹெரால்டு மேஃபீல்டு என்னும் பறவையியலாளர் 1960 இல் இப்பறவை பற்றிய விரிவான நூலை வெளியிட்டார். 1972 முதல் கூண்டுகள் வைத்துக் கௌபேர்டுகள் பிடிக்கப்பட்டன. இதனால் கூடுகள் பெருமளவில் தப்பின. எனினும் பறவைகளின் எண்ணிக்கை உயரவில்லை; மேலும் குறையாமல் நின்றது, அவ்வளவே. கூடு கட்டுவதற்கு ஏற்ற இளங்காடு போதிய அளவில் இல்லாமையே இதற்குக் காரணம்.

ஆகவே திட்டமிட்டுத் தீ வைத்து இளங்காட்டை உருவாக்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. 1980 மே 5 ஆம் நாள் ஹியூரான் தேசியக் காட்டில் மேக் ஏரிக்கு அருகில் இவ்வாறு வைக்கப்பட்ட தீ கட்டுக்கடங்காமல் பரவியது. சுமார் 24,000 ஏக்கர் (ஏறத்தாழ 9,700 எக்டேர்) நிலம் எரிந்தது. தீயணைக்கும் பணியில் இருந்த ஒருவர் உயிரிழந்தார். 44 வீடுகளும் கட்டடங்களும் அழிந்தன. ஒரு பறவையைக் காப்பதற்காக மூட்டிய தீ மனித உயிரைப் பறித்தது அப்பகுதி மக்களிடையே ஆறாத வேதனையை உண்டாக்கியது. தீயைக் கருவியாகக் கொள்வதில் எத்துணை எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு இந்நிகழ்வு பாடமாகக் கூறப்படுகிறது.

அதே எரிந்த நிலத்தில் ஜாக் பைன் கன்றுகள் முளைத்தன. 1980களின் பிற்பகுதியில் கதிர்க்குருவிகள் அங்கு வந்து கூடு கட்டத் தொடங்கின. திட்டமிட்டு உருவாக்கிய சிறு சிறு துண்டுகளை விட இப்பரந்த வெளி அவற்றுக்குப் பெரிதும் ஏற்றதாக இருந்தது. 1987 இல் 167 ஆக இருந்த பாடும் ஆண் பறவைகள் 1990 இல் 265 ஆகவும், 1995 இல் 765 ஆகவும் உயர்ந்தன. 2001 இல் ஆயிரத்தைக் கடந்தன.

பின்னர் தீ வைக்கும் முறை பெரும்பாலும் கைவிடப்பட்டது. முதிர்ந்த ஜாக் பைன்களை வெட்டி விற்றபின், அந்நிலத்தில் கன்றுகளை நெருக்கமாகவும் இடையிடையே வெற்றிடம் விட்டும் நடுகின்றனர். தீ எரிந்தபின் இயல்பாக அமையும் காட்டின் தோற்றத்தை ஒத்திருக்குமாறு இந்நடவு அமைக்கப்படுகிறது. மரம் விற்ற பணம் இப்பணிக்கு ஓரளவு உதவுகிறது.

1990களின் நடுப்பகுதியில் மிச்சிகனின் மேல் தீபகற்பத்திலும், 2007 இல் விஸ்கான்சின் மாநிலத்திலும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் கூடுகள் கண்டறியப்பட்டன. 2015 இல் 2,383 பாடும் ஆண் பறவைகள் எண்ணப்பட்டன. 2019 இல் ஐக்கிய அமெரிக்க அரசு அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து இவ்வினத்தை நீக்கியது. கௌபேர்டுகளைப் பிடிக்கும் பணி 2018 இல் நிறுத்தப்பட்ட பின்னரும் கூடுகளில் அவற்றின் முட்டைகள் அரிதாகவே காணப்பட்டன. ஆயினும் இப்பறவை மனிதப் பராமரிப்பை இடையறாது சார்ந்திருக்கும் இனமாகும். ஆண்டுதோறும் புதிய இளங்காடு உருவாக்கப்படாவிட்டால் இருபது ஆண்டுகளுக்குள் அதற்குக் கூடு கட்ட இடமிராது.

இறுதிக் காலமும் மறைவும்

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஏறத்தாழ எழுபது வயதை எட்டியிருந்த கிர்ட்லண்ட், படையில் சேர வந்தவர்களின் உடல்நலத்தைச் சோதிக்கும் மருத்துவராகப் பணியாற்றினார். அதற்குக் கிடைத்த ஊதியத்தைப் படைவீரர்களின் நலனுக்கே அளித்தார். 1861 இல் வில்லியம்ஸ் கல்லூரி அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 1865 இல் ஐக்கிய அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார்.

முதுமையிலும் தோட்டப் பணியையும் பறவைகளைக் கவனிப்பதையும் அவர் விடவில்லை. 1877 டிசம்பர் 10 ஆம் நாள் தம் 84 ஆவது வயதில் ராக்போர்ட் பண்ணையில் காலமானார்.

நினைவு

மட்டிகளையும் மீன்களையும் பற்றிய கிர்ட்லண்டின் ஆய்வுகளை விலங்கியலாளர்கள் இன்றும் மேற்கோளாகக் கொள்கின்றனர். ஒரு பாம்பும் ஒரு பறவையும் அவர் பெயரைத் தாங்குகின்றன. மிச்சிகனில் 1966 இல் நிறுவப்பட்ட கிர்ட்லண்ட் சமுதாயக் கல்லூரி அப்பறவையின் பெயரைக் கொண்டு பெயரிடப்பட்டதாகும். ஒகையோவில் வாழ்ந்த ஒருவரின் பெயர், அவர் மருமகன் சுட்ட பறவையின் வழியே, மிச்சிகனின் மணற்காட்டைச் சென்றடைந்தது. இளவேனில்தோறும், மே மாதத்தின் நடுவில், பஹாமாஸிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து அப்பறவைகள் அக்காட்டுக்குத் திரும்புகின்றன.

காலக்கோடு

1793 - வாலிங்ஃபோர்டில் பிறப்பு
1815 - யேலில் மருத்துவப் பட்டம்
1823 - ஒகையோவில் குடியேற்றம்
1834 - நன்னீர் மட்டிகளின் பாலினம் பற்றிய கட்டுரை
1838 - ஒகையோ விலங்குப் பட்டியல் வெளியீடு
1843 - கிளீவ்லாந்து மருத்துவக் கல்லூரி தொடக்கம்
1845 - கிளீவ்லாந்து இயற்கை அறிவியல் கழகம் தொடக்கம்
1851 - கிளீவ்லாந்துக்கு அருகில் கதிர்க்குருவி கிடைத்தல்
1852 - பறவைக்குக் கிர்ட்லண்டின் பெயர் சூட்டப்படுதல்
1877 - மறைவு
1903 - மிச்சிகனில் முதற்கூடு கண்டறியப்படுதல்
1980 - மேக் ஏரிக் காட்டுத்தீ
2019 - அழியும் நிலையிலுள்ள உயிரினப் பட்டியலிலிருந்து பறவை நீக்கப்படுதல்